எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய விமானம்

1

சென்ற ஆண்டு ஆயுத பூஜையன்று காலையில் பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மையார் எங்கள் கதவைத் தட்டினார். கையில் நான்கு எலுமிச்சம்பழங்கள். "உங்கள் காருக்கு அடியில் உருண்டு கிடந்தன. கடையிலிருந்து வரும்போது பை கிழிந்துவிட்டது போலிருக்கிறது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். நான்கு பழங்களும் நான்கு டயர்களுக்கு முன்னால் சொல்லிவைத்தாற்போல் போய் நின்றது எப்படி என்று அவர் யோசிக்கவில்லை. பழங்களைக் கழுவித் துடைத்தும் வைத்திருந்தார். நல்ல மனுஷி.

என் மனைவி சுலோச்சனா மீஞ்சூர்க்காரி. நியூசிலாந்தின் டனீடன் நகரத்துக்கு வந்து இத்தனை காலமாகியும் அவள் பேச்சு இன்னும் மீஞ்சூர் ஸ்டேஷனைத் தாண்டவில்லை.

"பூஜ பண்ண பழத்த இன்னாத்துக்குங்க கழுவிக்கினு வந்து குடுக்கறாங்க? பொட்டெல்லாம் போச்சு. நீங்க போய் எடுத்துச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் எதையும் முதல்லேந்து சொன்னா தூக்கம் வரும்."

போய்ச் சொன்னேன். உழைக்கிற கருவிகளுக்கும் வண்டிகளுக்கும் எங்கள் ஊரில் ஒரு நாள் உண்டு. பொட்டு வைத்து, பூப் போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்புவோம் என்றேன். இங்கே அது குப்பை வண்டி வரும் நாள், அவ்வளவுதான். அம்மையார் ஆர்வமாகக் கேட்டார். தையல் மெஷினுக்கு உண்டா? உண்டு. புல்வெட்டும் மெஷினுக்கு? உண்டு.

"விமானத்துக்கு?" என்றார் குறும்பாக.

"ஒரு தடவை செய்திருக்கிறோம்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்தார். ஆலை ஒன்றில் ஸ்டோர்ஸ் ஆபீசராகவே காலம் தள்ளியவனுக்கு அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு என் இப்போதைய அலுவல்களைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பின் மகள் கவிதா எங்களை இங்கே அழைத்துக்கொண்டாள். அதற்கான விண்ணப்பங்களை நிரப்பிய மாதங்கள்தான் ஓய்வு வாழ்க்கையிலேயே நான் மகிழ்ச்சியாக இருந்த மாதங்கள். பிறப்புச் சான்றிதழில் என் அப்பா பெயரில் ஓர் எழுத்து, பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்து. இரண்டும் ஒரே மனிதர்தான் என்று நிரூபிக்கப் பொன்னேரிக்கும் திருவள்ளூருக்குமாக அலைந்து முத்திரை வாங்கினேன். நிரந்தர அனுமதி கிடைத்த அன்று வீட்டில் எல்லோரும் கேசரி சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும் நாளையிலிருந்து நிரப்ப ஒன்றுமில்லையே என்ற கவலை.

அந்த வெற்றிடத்தில்தான் மாதிரி விமானச் சங்கம் வந்து சேர்ந்தது. புல்வெளிப் பந்தாட்ட மன்றத்தின் பின்னறையில் கூடும் கிழவர்கள் நாங்கள். பழைய விமானங்களை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கி ஒட்டி, வண்ணம் பூசி, சுற்றிலும் சிறு மனிதர்களை நிறுத்தி, ஒரு பலகையின் மேல் ஒரு முழுக் காட்சியையே உண்டாக்குவோம். எங்கள் செயலாளர் ப்ரையன், நகராட்சி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். போட்டி விதிகளைத் தனிப் புத்தகமாக அச்சிட்டு வைத்திருக்கிறார். அதை ஒரே மூச்சில் படித்து முடித்து, ஒன்பதாம் விதியும் பன்னிரண்டாம் விதியும் ஒன்றோடொன்று முரண்படுவதை எடுத்துக் காட்டியபோது அவர் கண்கள் பனித்தன. அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

கவிதா இதே நகரத்தின் மறு கோடியில் இருக்கிறாள். ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பெரிய பொறுப்பு. முதலில் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். பிறகு ஒன்றுவிட்டு ஒன்று. இப்போது என்னைப் பார்க்க வருவதற்கு நாட்காட்டி அழைப்பு அனுப்புகிறாள்; நான் போனில் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துகிறேன். முறைப்படி நடக்கும் எதையும் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

மார்கரெட் அம்மையார் சிரித்துவிட்டுப் போன பிறகு அவளுக்குப் போன் செய்தேன். "உன்னை விமானத்தில் உட்கார வைத்துப் பூஜை போட்டோமே, ஞாபகம் இருக்கா?"

"எந்த ப்ளேன்ப்பா? சாரி, அந்த வயசுல நடந்ததெல்லாம் எனக்கு அவ்ளோவா ஞாபகம் இல்ல. மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசட்டுமா?"

சங்கத்தின் அடுத்த போட்டிக்கு என்ன செய்வது என்பதை அப்போதே முடிவு செய்துவிட்டேன். பரிசு எனக்கு முக்கியமில்லை. அந்தக் காட்சியை அவள் கண்ணுக்கு எதிரே வைத்தால் ஞாபகம் வருகிறதா பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் விண்ணப்பம்.

3

நான் வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலை. பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுப்போம். சர்க்கார் ஏலத்தில் எடுத்த ஒரு லாட்டில், துருப்பிடித்த டிரம்களோடு ஒரு பழைய ஹார்வர்ட் பயிற்சி விமானமும் டிரெய்லரில் வந்து இறங்கியது. எஞ்சின் இல்லை, மூக்கில் காற்றாடி இல்லை, இறக்கைகள் கழற்றித் தனியாகக் கிடந்தன. மஞ்சள் பெயிண்ட் உதிர்ந்துகொண்டிருந்தது. முழுக்க அலுமினியம், எங்கள் உலைக்கு ஆகாது. 'உள்ளது உள்ளபடி' என்பது ஏல நிபந்தனை. திருப்பித் தரவும் முடியாது. அலுமினிய வியாபாரி யாராவது வரும்வரை யார்டில் நிற்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்தச் சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. குடும்பத்தோடு எல்லோரும் ஆலைக்கு வரும் ஒரே நாள். உலைக்கு மாலை, கிரேனுக்கு வாழைக்கன்று, லேத்துக்குச் சந்தனம், எடை மேடைக்குக் குங்குமம். யார்டு மேஸ்திரி தனபால், ஆந்திர எல்லையில் ஆரம்பாக்கத்துக்காரர், சந்தனக் கிண்ணத்தோடு என்னிடம் வந்தார்.

"சார், எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாச்சு. ஏரோப்ளேனுக்கு?"

"அது ஸ்கிராப், தனபால். மெஷின் இல்லை."

"ஸ்கிராப்பா இருந்தா இன்னா சார்? நம்ம யார்டுல கீதுல்ல? பக்கத்துல கீற கிரேனுக்கு வெச்சிட்டு இத்த வுட்டா, பந்தில ஒருத்தன மட்டும் எய்ந்து போடான்ற மாரி ஆய்டும்."

மறுக்க விதி ஒன்றும் அகப்படவில்லை. மூக்கில் பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், பக்கவாட்டில் மூன்று விபூதிப் பட்டை, இறக்கை கழற்றிய இடங்களில் வாழைக்கன்று. தனபால் என் ஏழு வயது மகளை இடுப்பில் தூக்கிப் போய்ப் பைலட் இருக்கையில் கோணிப்பை போட்டு உட்கார வைத்தார். மூன்று சக்கரத்துக்கும் மூன்று எலுமிச்சம்பழம்.

"பழம் வெச்சா நசுக்கணும் சார். இல்லன்னா பூஜ முடிஞ்ச கணக்கில்ல."

"எஞ்சினே இல்லையே, எப்படிப் போகும்?"

"தள்ளுனா போவுது. டே நைனா, டயருக்குக் காத்து அடிங்கடா!"

"யார்டில் எந்தச் சரக்கு இடம் மாறினாலும் ஸ்லிப் வேண்டும்" என்றேன்.

"போடுங்க சார். நீங்கதான அத்த போடறவரு."

போட்டேன். பொருள்: விமானம், ஒன்று, இறக்கை இல்லாதது. எங்கிருந்து: யார்டு. எங்கே: யார்டு. காரணம்: பூஜை. கீழே கையெழுத்தும் இட்டேன். பிறகு ஆலையே கூடித் தள்ளியது. "ரைட், ரைட்" என்று யாரோ பஸ் கண்டக்டர் போலக் கத்தினார்கள். மூன்று பழமும் நசுங்கின. விமானம் ஒரு கோணிப்பை நீளம் போய் நின்றது. எல்லோரும் கைதட்டிவிட்டுப் பொரி சாப்பிடப் போனோம்.

மறுவாரம் பள்ளியில் கவிதா, எங்கப்பா கம்பெனி ஏரோப்ளேன்ல நான் பறந்தேன் என்று சொல்லியிருக்கிறாள். குழந்தை பொய் சொல்கிறாள் என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "முழுப் பொய் இல்லை. விமானம் நகர்ந்தது உண்மை. ஸ்லிப் இருக்கிறது" என்றேன். அதற்குப் பிறகு டீச்சர் என்னை எதற்கும் கூப்பிடவில்லை.

4

ஹார்வர்ட் விமானத்தின் மாதிரி கடையில் கிடைக்கிறது. பளபளவென்று, இறக்கை, எஞ்சின் எல்லாவற்றோடும். அதை வாங்கி நான் முதலில் செய்தது இறக்கைகளை ரம்பத்தால் அறுத்தது. சங்கத்தில் இரண்டு பேர் பார்த்துவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

யார்டின் கறுப்பு மண்ணுக்குக் காய வைத்த டீத்தூள். துருவுக்குப் பழுப்பு சாக்பீஸ் தூள். எலுமிச்சம்பழத்துக்குக் கசகசா, ஒவ்வொன்றாக ஊசி நுனியில் எடுத்து மஞ்சள் தடவினேன். அந்த அளவுக்கு அதைவிடப் பொருத்தமான பழம் உலகத்தில் இல்லை.

"கொழம்புக்கு வெச்சிருந்த கசகசா எங்க போச்சு?" என்றாள் சுலோச்சனா.

"மூன்றுதான் எடுத்தேன்."

"மீதி?"

"தரையில் உருண்டுவிட்டது."

மனிதர்கள்தான் கஷ்டம். கடைகளில் கிடைப்பது வெள்ளைக்கார மெக்கானிக்குகள். தொப்பியைச் சீவி, பிசைந்த புட்டி மாவால் கால்சட்டையை லுங்கியாக்கி, மீசை வைத்து, ஒவ்வொருவரையும் கும்மிடிப்பூண்டிக்குக் குடியேற்றினேன். இந்தத் திசையில் குடியேற யாரும் விசா கேட்கவில்லை. பசை தோய்த்த மெல்லிய காகிதத்தில் சுலோச்சனாவுக்குப் பச்சைப் புடவை கட்டினேன்.

"நான் எப்ப பச்ச கட்டிக்கினு வந்தேன்? மாம்பய கலரு அது. அரக்கு பார்டரு. எங்கம்மா தீவாளிக்கு எடுத்துக் குடுத்தது. உங்களுக்கு ஸ்லிப் நம்பரு கேட்டா மட்டும் கரீட்டா வரும்."

அவிழ்த்துவிட்டு மாம்பழ நிறம் கட்டினேன்.

என்னைச் செய்வதுதான் சுலபமாக இருந்தது. பெட்டியிலேயே கையில் அட்டையும் பேனாவுமாக ஓரமாக நிற்கும் அதிகாரி பொம்மை ஒன்று வந்திருந்தது. அரைக்கைச் சட்டைக்குக் கட்டம் மட்டும் போட்டேன். வேறு எந்த மாற்றமும் தேவைப்படவில்லை.

5

போட்டிக்கு முன் பரிசீலனை. ப்ரையன் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். குங்குமத்தைப் பார்த்து, "இங்கே அடிபட்டவர் யார்?" என்றார். வாழைக்கன்றைப் பார்த்து, எதிரிகளின் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதற்கா என்றார். விளக்கினேன். கேட்டுக்கொண்டு, மிகுந்த வருத்தத்தோடு, இதைக் கற்பனைப் பிரிவில்தான் வைக்க முடியும் என்றார்.

கற்பனைப் பிரிவு என்றால் டிராகன்கள் இருக்கும் மேசை.

"வரலாற்றுப் பிரிவுக்கு ஆதாரம் வேண்டும், நண்பரே. விதி உங்களுக்கே தெரியும். புகைப்படம் வேண்டும். இல்லையென்றால் அங்கே இருந்த ஒருவரின் எழுத்து வாக்குமூலம். அவர் போட்டியாளர் வீட்டில் வசிப்பவராக இருக்கக் கூடாது."

தெரியும். அந்த விதியின் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னதே நான்தான்.

தனபாலுக்குப் போன் செய்தேன். மகன் தேர்வாய் கண்டிகையில் வேலைக்குப் போகிறான், பேரனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்.

"போட்டோவா? புட்ச்சாங்க சார். ஆபீஸ்ல மாட்டிக்கினு இருந்துது. மில்லு கைமாறினப்போ எவன் எட்துக்கினு போனானோ. இன்னா சார், நான் எய்தித் தரட்டுமா? இன்னா எய்தணும் சொல்லுங்க, அப்டியே எய்தறேன்."

"நான் சொல்லக் கூடாது. நீங்களே நடந்ததைச் சொல்லுங்கள்."

"நடந்ததுதான? நாங்க தள்ளுனோம். கிர்ருனு போச்சு. மதிலு ஒசரத்துக்கு எயுந்துச்சு பாரு, உள்ள பாப்பா கையாட்டிக்கினு..."

"தனபால், எஞ்சினே கிடையாது."

"அத்தான் சார் நானும் சொல்றேன்! எஞ்சினு இல்லாமயே எயுந்துச்சு!"

நன்றி சொல்லி வைத்தேன். இந்த வாக்குமூலத்தைக் கொடுத்தால் டிராகன்களுக்கு நடுவிலேயே இடம் கிடைக்கும்.

ஆலைக்காரர்களில் வேறு யாரோடும் எனக்குத் தொடர்பில்லை; மீதி இருந்த சாட்சி என் மகள் ஒருத்திதான். அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. கேட்டால், அப்பா ஆசைப்படுகிறார் என்று இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்துவிடுவாள். அதுதான் எனக்குப் பயம். டிராகன்களுக்கு அருகில் நிற்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

இந்த முறை நாட்காட்டி அழைப்பை நான் அனுப்பினேன். தலைப்பு: சாட்சி விசாரணை. ஐந்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டாள்.

6

சனிக்கிழமை வந்தாள். காட்சியைச் சமையலறைத் துண்டால் மூடி மேசையில் வைத்திருந்தேன். சாட்சிக்கு எந்தக் குறிப்பும் கொடுக்கக் கூடாது.

"இன்னாங்க இது, கோர்ட்டு மாரி? நம்ம பொண்ணுதான?" என்றாள் சுலோச்சனா.

கவிதா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "எங்க சைன் பண்ணணும்ப்பா? நீங்க சொன்னா கரெக்டாதான் இருக்கும்."

"பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே" என்று துண்டை எடுத்தேன்.

குனிந்தாள். போன் அடித்தது, திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். டீத்தூள் மண்ணையும் தள்ளுகிறவர்களையும் விபூதிப் பட்டையையும் பார்த்தாள். இருக்கையில் இருந்த சிவப்புப் பாவாடைக்காரியிடம் வந்ததும் நின்றாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"இன்னாப்பா இது..." என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்த 'இன்னா' வந்து எத்தனையோ காலமாயிற்று.

"என் பொரிப் பாக்கெட் எங்க? மடியில வெச்சிக்கினு இருந்தேன். கொட்டிச்சு. கீழ ஓட்டையா இருந்துச்சு, உள்ள போய்டுச்சு." விரலை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். "அம்மா மஞ்சப் புடவ, கரெக்ட். இது யாரு, அட்டை வெச்சிக்கினு?"

"நான்தான்."

"இல்லியே. நீங்க இங்க இல்ல."

"பின்னே எங்கே?"

"பின்னாடி. வால்கிட்ட. எனக்கு பயமா இருந்துச்சு, திரும்பித் திரும்பி உங்களயே பாத்துக்கினு இருந்தேன். செருப்பக் கழட்டிப் போட்டுட்டுத் தள்ளிக்கினு இருந்தீங்க. சட்டையெல்லாம் மஞ்சப் பெயிண்டு. 'கெட்டியா புடிச்சுக்கோ கவி'ன்னு கத்துனீங்க."

"நான் ஸ்லிப் போட்டுவிட்டு ஓரமாக நின்றேன்" என்றேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம். அந்த விஷயத்தில் என் ஞாபகத்தை நான் சந்தேகித்ததே இல்லை.

"ஸ்லிப்பு பாக்கெட்ல இருந்துச்சுப்பா. வெளிய நீட்டிக்கினு."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஆமாமா, அந்த சட்ட! எவ்ளோ தொவைச்சும் கறை போவல. அப்புறம் அத்த கியிச்சுத்தான் அடுப்பு தொடைக்க வெச்சிருந்தேன்."

"இதை ஏன் இத்தனை மாதமாகச் சொல்லவில்லை?"

"நீங்க காட்டுனது என் பொடவ கலர மட்டுந்தான."

7

கவிதா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். ஆங்கிலத்தில் மூன்று வரி: நான் உள்ளே இருந்தேன். என் தந்தை பின்னாலிருந்து தள்ளினார். அது நகர்ந்தது. கையெழுத்து. பறந்ததா என்று ப்ரையன் கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். "நகர்ந்துச்சுன்னு சொல்வேன். ஏழு வயசுல பறந்துச்சு, அத்த தனியா வெச்சிக்கறேன்" என்றாள்.

ஆனால் வாக்குமூலமும் காட்சியும் பொருந்தவில்லையே. பொருந்தாத ஆதாரத்தை நானே சமர்ப்பிக்க முடியாது. அட்டைக்காரனை டீத்தூளிலிருந்து பெயர்த்தேன். அட்டையைப் பிளேடால் சீவினேன். கைகளை வெட்டி முன்னால் நீட்டி ஒட்டினேன். பூட்ஸைச் செதுக்கி வெறுங்காலாக்கினேன். கட்டம் போட்ட சட்டையில் மஞ்சள், பையில் ஒரு துளி வெள்ளை. வாலுக்குப் பின்னால் நட்டு வைத்தேன். கவிதா பக்கத்திலேயே இருந்து, ஒரு பொரி அளவு வெள்ளைப் புட்டியை ஊசியால் அந்தப் பாவாடை மடியில் வைத்தாள். அன்று இரண்டு அழைப்புகளை அவள் எடுக்கவில்லை.

வரலாற்றுப் பிரிவில் இடம் கிடைத்தது. பரிசு கிடைக்கவில்லை, இறக்கையுள்ள விமானம் ஒன்றுக்குப் போனது. ப்ரையன் வாக்குமூலத்தைச் சட்டம் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தார்.

இந்த வாரம் மறுபடியும் ஆயுத பூஜை வந்தது. குப்பை வண்டி போன பிறகு கவிதாவின் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. சத்தமே இல்லாத மின்சாரக் கார். சுலோச்சனா பொட்டு வைத்தாள், பழம் வைத்தாள். மார்கரெட் அம்மையார் வேலியோரம் வந்து நின்றார். இந்தத் தடவை எதையும் எடுக்கவில்லை.

"சரி, எடு வண்டியை" என்றேன்.

கவிதா கண்ணாடியை இறக்கினாள். "நியூட்ரல்ல போட்டிருக்கேன்ப்பா. பின்னாடி போங்க."

டனீடன் குளிரில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனேன். அம்மையாரும் வந்து ஒரு பக்கம் கை கொடுத்தார். சுலோச்சனா "ரைட், ரைட்" என்றாள். பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. "கெட்டியாப் பிடிச்சுக்கோ கவி" என்று நான் சொன்னபோது, அவள் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.